ஏழு வரி தாண்டு

1987 மார்ச்சில் ஏரி
கடல்மட்டத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பதினோரு மீட்டர் கீழே
இருந்ததாகத் திரை சொன்னது.

இஷென்பெக்கைக் கூப்பிட்டேன்.
அஷ்லான்ஃபூக் கிண்ணத்தோடு வந்தார், எட்டிப் பார்த்தார்,
மிளகாய் புரையேறும்வரை சிரித்தார்.
"இசிக்-குல் எங்கே போனது, பெகாயிம்? சீனாவுக்கா?"

சன்னலுக்கு வெளியே கராக்கோல்,
பனி அள்ளும் இரண்டு பேர், ஒரு நாய்.
ஏரி இங்கிருந்து தெரியாது.
பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி உறையாமல் கிடக்கிறது.
நான் அதைப் பார்ப்பது இப்படித்தான்:
கோப்பைத் திற, ஏழு வரி தாண்டு,
நாள், மட்டம், நாள், மட்டம்,
தீரும்வரை.

ருஷ்ய வழக்கப்படி தசமத்துக்குக் காற்புள்ளி.
ஆயிரத்து அறுநூற்று ஆறு, காற்புள்ளி, ஐந்து என்று எழுதியிருந்ததை
மேட்லாப் இரண்டு எண்களாகப் பிளந்துபோட்டது.
அதற்கே ஒரு காலைப்பொழுது போனது.
காற்புள்ளிகளையெல்லாம் புள்ளியாக்கி நிமிர்ந்தால்
ஏரியைக் காணோம்.

ஒன்பதாம் தேதியிலிருந்து பத்தொன்பதுவரை
கழித்தல் குறியும் நான்கு ஒன்பதுகளும்,
நாள் தவறாமல், பதினொரு முறை.
அளக்கவில்லை என்பதற்கு அந்தக் காலத்து அடையாளம்.
என் நிரலோ அதையும் தண்ணீர் என்று நம்பிச்
சராசரி எடுத்துவிட்டது.

"இதற்கா கூப்பிட்டாய்? எட்டாம் தேதியையும் இருபதாம் தேதியையும்
ஒரு நேர்கோட்டால் கட்டிவிடு.
முப்பது வருஷமாகக் கட்டுகிறோம்.
கட்டுரை வந்துவிட்டது, படம் சுவரில் தொங்குகிறது."
தொங்கியது.
கொடிக்கயிறு போல விறைத்த பதினொரு நாள்,
ஒரு துணிகூட இல்லாமல்.

"முதல் ஏழு வரியில் என்ன?"
"தலைப்பு. குப்பை எழுத்து. யார் படித்தார்கள்!"

அவர் போனபின் படித்தேன்.
முதலில் கட்டங்களும் கேள்விக்குறிகளும்.
பழைய சோவியத் குறியீட்டைச் சொல்லித் திறந்ததும்
ஐந்தாம் வரிவரை நிலையம், கருவி, அலகு.
ஆறாவதில் ஒருத்தி வாய் திறந்தாள்:

"அளவுகோலை யாரோ கரையிலிருந்து பிடுங்கிப் போய்விட்டார்கள்.
பதினொரு நாள் தேடி ஓர் ஆட்டுப்பட்டியில் கண்டேன்,
கதவுக்குக் குறுக்குக் கம்பாக.
ஊகித்து நிரப்பச் சொல்கிறது மேலிடம். மாட்டேன்.
ஜூரகான், தோசோர் நிலையம்."

அவளுடைய நோட்டிலிருந்து கணினிக்கு ஏற்றியவர் யாரோ,
இதையும் விடாமல் ஏற்றியிருக்கிறார்.
ஏழாம் வரி வெறும் கோடு.

ஒன்பதுகளை எடுத்தேன்.
அந்த இடத்தில் வைக்க இந்த மொழியில் ஒரு சொல் உண்டு,
எண் அல்லாதது என்று பொருள்,
நான் என்று உச்சரிப்போம்.
எங்கள் வீட்டில் நான் என்றால் ரொட்டி.
இங்கே
நானோடு எதைக் கூட்டினாலும் நானே மிஞ்சும்.
பூஜ்யத்தால் பெருக்கினாலும் நான்.
நானும் நானும் சமமா என்று கேட்டால்
இல்லை என்கிறது.

பதினொரு நான்களை அடுக்கினேன்.
கோடு எட்டாம் தேதியில் நின்றது.
பிறகு வெள்ளை.
இருபதாம் தேதி ஏரி திரும்பி வந்தது,
மூன்று சென்டிமீட்டர் கூடி,
இடையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல்.

இனி எழுத வேண்டும்.
எழுதுவதற்கென்று திறந்தால் உள்ளிருப்பது துடைத்துப்போகும்,
நகலெடுத்தேன், நகல் திறக்கிறதா என்றும் பார்த்தேன்.
ஜூரகானின் வாக்கியங்களை அப்படியே வைத்தேன்,
எல்லாக் கணினிக்கும் புரியும் எழுத்தில்.
கோட்டுக்குக் கீழே என்னுடையது ஒன்று:
"பதினொரு நாள் வெற்று. கட்ட வேண்டாம்.
ஆறாம் வரி பார்க்க. பெகாயிம், கராக்கோல்."

இப்போது எட்டு வரி.
பிஷ்கெக்கிலும் அல்மாத்தியிலும்
ஏழு தாண்டிப் பழகிய அத்தனை நிரல்களும்
நாளைக் காலை எட்டாவதில் இடறும்,
எண் இருக்க வேண்டிய இடத்தில் பேச்சு இருக்கிறது என்று
சிவப்பில் கத்தும்.

கத்தட்டும்.
முதல் சத்தம் பக்கத்து அறையிலிருந்து வரும்.